செல்ஃப் எடுக்காத நாட்கள்

ஜனவரி 10, சனி

மரியசூசை சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கும் டைரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உரக்கடையில் வருஷாவருஷம் ஒன்று கொடுக்கிறார்கள். பூரான் அடிக்க வசதியாக இருக்கும்.

மரியசூசை பண்ணைக்காட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். இன்று பிக்கப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். பேட்டரியைப் பார்த்தான், டெர்மினலைச் சுரண்டினான், செல்ஃப் மோட்டாரைத் தட்டினான். பத்துத் தடவை சாவியைத் திருகினான். பத்துத் தடவையும் வண்டி, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார்ந்த பெண் மாதிரி அடக்கமாக ஸ்டார்ட் ஆனது. என் மானம் போனது.

"அண்ணே, சும்மா சும்மா எடுக்கல எடுக்கலன்னு வந்து நின்னா நான் என்னத்தப் பாக்குறது? எப்ப எடுக்கலையோ அப்ப எழுதி வைங்க. எந்த எடம், எப்படி நின்னுச்சு, குளுரா வெயிலா, யாரு திருகுனா, அப்பறம் என்ன பண்ணுனீங்க. ஒரு மாசம் எழுதுங்க. சீக்கு தானா மாட்டும்" என்றான்.

சரி, எழுதுகிறேன்.

ஆறாம் தேதி செவ்வாய், காலை ஐந்தரை மணி. தாண்டிக்குடியில் எங்கள் வீட்டு முற்றம். நல்ல குளிர். வண்டி நிறைய சௌசௌ, வத்தலக்குண்டு மண்டிக்கு இறக்க வேண்டும். சாவியைத் திருகினால் விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. ஒரு 'டக்' கூட இல்லை. எங்கள் முற்றம் சுவரைப் பார்த்துச் சரிவு. மூஞ்சி கீழே பார்க்க நிற்கும் வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். அதனால் உருட்டி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை. செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு இறங்கி, பானெட்டைத் திறந்து பார்த்தேன். என்ன பார்த்தாய் என்று கேட்கக்கூடாது. எல்லோரும் திறந்து பார்க்கிறார்கள், நானும் பார்த்தேன். மறுபடி ஏறித் திருகினேன். எடுக்கவில்லை. என் மனைவி இந்திராணி வந்து, "எறங்குங்க, நான் ஒருவாட்டி பாக்குறேன்" என்றாள். மறுபடி செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் ஏறினாள். முதல் திருகிலேயே எடுத்துவிட்டது.

ஒன்பதாம் தேதி வெள்ளி, மண்டி. உச்சி வெயில். மண்டி முற்றம் ரோட்டுப் பக்கம் இறக்கம். எனக்கு முன்னால் ஒரு லாரி. எடுக்கவில்லை. இந்திராணி பல் டாக்டரைப் பார்க்க என்னோடு வந்திருந்தாள். இறங்கினேன். அவள் ஏறினாள். எடுத்துவிட்டது. மண்டியே பார்த்தது.

யாரு திருகுனா என்று மரியசூசை கேட்டதற்கு இதுதான் பதில்.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்தால் என் மனைவி ஏதோ மந்திரக்காரி மாதிரி இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை.

அக்டோபரில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். தோட்டத்துச் சௌசௌவுக்கு என் வயிற்றைப் பற்றி என்ன கவலை? அது பாட்டுக்குக் காய்த்தது. இந்திராணியிடம் லைசென்ஸ் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கத்துக்கிறேன் என்று கேட்டாள். சரி, பொழுதுபோகட்டும் என்று விட்டேன். ஆக, நான் கட்டிலில் படுத்திருக்க, அவள் வாரம் மூன்று நாள் மலை இறங்கி ஏறினாள். அந்த இரண்டு மாதத்தில் வண்டி ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. இதை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன்.

மண்டியில் எடை போடுகிற மொக்கராசு பன்னிரண்டு வருஷமாக என்னை 'அண்ணே' என்பான். அந்தக் கணக்கில் அவள் அவனுக்கு 'மதினி'. ஆபரேஷன் முடிந்து நான் திரும்பிப்போன முதல் நாள், "வாங்க மாமா, அக்கா வரலையா?" என்கிறான். இரண்டு மாதத்தில் அவள் அக்கா ஆகிவிட்டாள். அவள் வழியாக நான் மாமா ஆகிவிட்டேன். பன்னிரண்டு வருஷத்து அண்ணனை எங்கே கொண்டுபோய்ப் போட்டான் என்று தெரியவில்லை.

பொறாமை என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் புத்தி. சொந்தப் பெண்டாட்டி மேல் எவனாவது பொறாமைப்படுவானா?

ஜனவரி 13, செவ்வாய்

எடுத்தது. இத்தனைக்கும் குளிர் கொன்றது. மூட்டை ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று நேற்று இந்திராணி வண்டியைத் திருப்பி, மூஞ்சி ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, நான் எப்போதும் நேராகத்தான் விடுவேன். மண்டிக்குள் இடம் இல்லாததால் வெளியே சமதளமான தெருவில் நிறுத்தினேன். அங்கும் எடுத்தது. தனியாகப் போய்த் தனியாக வந்தேன்.

அக்கா வரலையா என்று ஐந்து பேர் கேட்டார்கள். ஐந்தாவது ஆள் டீக்கடைக்காரர். அவருக்கு அவளைவிட வயது கூட.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

மாடு இல்லாததால் வண்டிக்குத்தான் பொங்கல். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டேன். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் முருகனுக்குத் தனியாக ஒரு முழம் மல்லிகை. இந்த முருகனை மூன்றாம் தேதி பழனியில் வாங்கி ஒட்டினேன். ஆள்காட்டி விரல் உயரம்தான், ஆனால் களையான முகம். சாமி இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு இருக்கக்கூடாது என்று அன்றிலிருந்து ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கால்மாட்டில் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுகிறேன்.

இந்திராணி இன்று வண்டிப் பக்கம் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். "நான் வரக்கூடாதுங்க, நாலு நாளைக்கு" என்றாள். சாமி இருப்பதால் அந்த நாட்களில் அவள் வண்டியில் ஏறுவதில்லை. போன வருஷம் பொங்கலுக்கு அவள்தான் ஸ்டியரிங்கில் பொட்டு வைத்தாள். அப்போது முருகன் இல்லை.

மாதத்தில் நாலு நாளாவது வண்டி என் கையில் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்து முருகனை வாங்கவில்லை. வழித்துணைக்கு வாங்கினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை. மரியசூசை கேட்ட கேள்வியில் இது இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

தனியாகப் போனேன். வழியில் டீக்கு நிறுத்தினேன். இறக்கம். டீ குடித்துவிட்டு வந்து திருகினால் எடுக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டு உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன். உதறிக்கொண்டு எடுத்தது. இறங்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. நானாகவே எடுத்தேன். கியர் மட்டும் கொஞ்சம் கரகரத்தது.

ஆனாலும் அதைக் கௌரவமாக ஸ்டார்ட் ஆனதாகச் சொல்ல முடியாது.

ஜனவரி 20, செவ்வாய்

வீட்டு முற்றத்தில் எடுக்கவில்லை. செருப்பில் ஒன்று எப்போதும் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது, அதைத் துழாவி எடுப்பதற்குள் கோபம் தலைக்கேறிவிடுகிறது. இறங்கினேன். அவள் ஏறினாள். எடுத்தது. அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். இடது பக்கம் நான், மடியில் அவள் டிபன் தூக்கு.

திரும்பும்போது மரியசூசையிடம் நிறுத்தினோம். ஏதோ ரிலேயை மாற்றிவிட்டுக் கேட்டான்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கிளட்ச முழுசா மிதிச்சுத்தான திருகுறீங்க? இந்த மாடல்ல கிளட்ச் அடி வரைக்கும் போனாத்தான் செல்ஃப் எடுக்கும். பெடலுக்கு மேல அதுக்குன்னு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு."

"நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ டவுசரப் போட்டுக்கிட்டு டயர் உருட்டிக்கிட்டு இருந்த. எனக்குக் கிளட்ச் சொல்லித் தர்றியா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். இந்திராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

இன்று நடந்ததை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மண்டி. வெயில். மூட்டை இறக்கியாகிவிட்டது. இடது பக்கம் இந்திராணி. மூஞ்சி ரோட்டுப் பக்கம், இறக்கத்தில். முன்னால் மூட்டை தூக்குகிறவர்கள் குறுக்கே போவதால் உருட்டவும் வழியில்லை. எடுக்கவில்லை. பின்னால் மூன்று வண்டி ஹார்ன் அடிக்கிறது. மொக்கராசு தராசை விட்டுவிட்டு ஓடிவந்து, "மாமா, நீங்க எறங்குங்க. அக்கா, நீங்க வாங்க, ஒங்க கைக்குத்தான் அடங்கும்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் குதித்து இறங்கினேன். தரை சுட்டது. அந்தச் சூட்டோடு கத்தினேன்: "ஆமா, அவ கைக்குத்தான் அடங்கும். வண்டியும் அடங்கும், மண்டியும் அடங்கும். பொம்பளைக்கு ஸ்டியரிங்கக் குடுத்தது என் தப்பு. வீட்டுல கெடக்க வேண்டியவள ஊரு மேய விட்டேன் பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. மொக்கராசு தராசுக்குத் திரும்பிப் போனான்.

இந்திராணி ஏறினாள். ஏறியதும் குனிந்து கால்மாட்டில் எதையோ ஒதுக்கினாள். புடவையாக இருக்கும். திருகினாள். எடுத்தது. வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள். என் செருப்பு அவள் சீட்டுக்குக் கீழே ஜோடியாகக் கிடந்தது.

மலை ஏறி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஓட்டினேன். ஓட்டுவதற்கு ஆசையாகத்தானே இருந்தாய், ஓட்டு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 24, சனி

பேசவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

"சாம்பார் ஊத்தவா?" என்றாள். அவ்வளவுதான். வண்டி எடுத்தது. அவள் வரவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

மேல்தோட்டத்து ராக்கம்மா மலைவாழைத் தார் ஏற்றிவிடக் கேட்டு வந்தாள். வாசலில் நின்ற என்னைத் தாண்டி எட்டிப்பார்த்து, "இந்திராணி இல்லையா? அவ ஓட்டுனா காய் அடிபடாம போகுது. வளைவுல மெதுவா விடுறா. நீங்க ஓட்டுனா பாதி கறுத்துப் போகுதுண்ணே" என்றாள். முகத்துக்கு நேராக. இருபத்தெட்டு வருஷமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன். ஒரு வாழைப்பழம்கூட என் மேல் புகார் சொன்னதில்லை.

அவளுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஸ்பேர் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் பெட்டிக்குள் போட்டேன்.

பொறாமைதான். எழுதிவிட்டேன். மரியசூசையா படிக்கப் போகிறான்? வயிறு எரிகிறது, ஆபரேஷன் பண்ணின இடத்துக்குக் கொஞ்சம் மேலே. வண்டி அவளுக்கு எடுக்கிறது, எனக்கு எடுக்கவில்லை. மண்டி அவளைக் கேட்கிறது. வாழைப்பழம்கூட அவள் பக்கம். இந்த வீட்டில் எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இருந்தது, அதுவும் போய்விட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

எங்கள் ஊர் முருகன் கோயிலில் பட்டிவீரன்பட்டி ஜெயக்கொடியைப் பார்த்தேன். காப்பி வியாபாரம் செய்கிறவர். பழைய பிக்கப் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறாராம். என் வண்டியை வந்து பாருங்கள் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வரும் பதினைந்தாம் தேதி வருகிறார். பிடித்தால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போவார்.

எப்போதாவது மக்கர் பண்ணுகிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூட்டையை வாடகை வண்டியில் அனுப்பிக்கொள்ளலாம். எனக்கும் வண்டி இல்லை, அவளுக்கும் இல்லை. சரிக்குச் சரி.

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்திராணியிடம் சொன்னேன். சௌசௌ பந்தலில் காய் பறித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வித்துருங்க. ஒங்க பேர்லதான இருக்கு" என்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன இருக்கு?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

பிப்ரவரி 4, புதன்

சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அவள் வண்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். சாவி என் சட்டைப் பையில். எங்கேயும் போவதற்கில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காத மாதிரி வீட்டுக்குப் பின்பக்கம் சுற்றிப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்து வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். கண் சிவந்திருந்தது. கேட்டால் புகை என்பாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

பிப்ரவரி 6, வெள்ளி

எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அவளைக் கூப்பிட்டேன். ஏறினாள். எடுத்தது. எழுதியே சலித்துவிட்டது.

பிப்ரவரி 11, புதன்

மரியசூசை போன் பண்ணினான். "அண்ணே, மாசம் ஆச்சு. டைரிய எடுத்துக்கிட்டு வாங்க, பாத்துருவோம்."

டைரியை அவனிடம் எப்படிக் கொடுப்பது? பாதிக்கு மேல் என் வயிற்றெரிச்சல்தான். அதனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வண்டி சம்பந்தப்பட்டதை மட்டும் பிரித்து எழுதினேன். மொக்கராசை விட்டேன். ராக்கம்மாவை விட்டேன். நான் கத்தியதை விட்டேன். எல்லாவற்றையும் விட்டதும் மிஞ்சியது ஏழெட்டு வரி.

வீட்டு முற்றம், மூஞ்சி கீழே, குளிர். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் ஏறினாள். எடுத்தது.

மண்டி, மூஞ்சி கீழே, வெயில். இறங்கினேன். அவள் ஏறினாள். எடுத்தது.

டீக்கடை, மூஞ்சி கீழே. இறங்கவில்லை. எடுக்கவில்லை. உருட்டினேன்.

சமதளத் தெரு. எடுத்தது. மூஞ்சி மேலே. எடுத்தது. மரியசூசை ஷெட், சிமெண்டுத் தரை. பத்துக்குப் பத்து.

கடைசி வரிக்கு வரும்போது கை நின்றுவிட்டது. டைரியில் 'செருப்பை மாட்டிக்கொண்டு' என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். எழுந்து முற்றத்துக்குப் போனேன். வண்டி சுவரைப் பார்த்து நின்றது. ஏறினேன். செருப்பைக் கழற்றிக் கால்மாட்டில் போட்டேன். என் கண் முன்னாலேயே ஒன்று சரிந்து கிளட்ச் பெடலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. தடித்த டயர் செருப்பு. மிதித்தேன். அடிவரை போன மாதிரிதான் இருந்தது. போனது தரை வரைக்கும் இல்லை, செருப்பு வரைக்கும். திருகினேன். ஒரு 'டக்' கூட இல்லை.

செருப்பை எடுத்துவிட்டுத் திருகினேன். எடுத்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால் சீக்கும் என் காலோடு இறங்கிவிடுகிறது. அப்புறம் யார் ஏறினாலும் எடுக்கும். அவளுக்கென்று இல்லை, ஒரு ஆட்டுக்குட்டி ஏறி மிதித்தாலும் எடுக்கும்! அந்த முருகனை ஒட்டியதிலிருந்துதான் செருப்பைக் கழற்றுகிறேன். அதற்கு முன்னால் இந்தச் சீக்கே இல்லை.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், துள்ளினேன். வண்டி இனி என்னுடையது. ஜெயக்கொடியாவது, விற்பதாவது. பிறகு உள்ளே வந்து டைரியை மறுபடி புரட்டினேன். ஜனவரி 23. அன்றைக்கு நான் செருப்பை மாட்டாமல் குதித்தேன். செருப்பு உள்ளேதான் இருந்தது. அவள் ஏறினாள், குனிந்தாள், எதையோ ஒதுக்கினாள். எடுத்தது.

அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒற்றைச் செருப்பைத் தூக்கிக் காட்டினேன். அதையும் என்னையும் பார்த்தாள். ஒன்றும் புரியாத மாதிரி நடிக்கவில்லை.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"மண்டியில நீங்க கத்துன அன்னைக்குத்தான். ஏறுனதும் காலுல தட்டுப்பட்டுச்சு."

"இத்தன நாளா ஏன் சொல்லல? வண்டிய விக்கிற வரைக்கும் போயிட்டேன், ஊரே சிரிச்சுச்சு. நீ பாட்டுக்கு..."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? செருப்பத் தூக்கிப் பின்னாடி போட்டுட்டு ஒத்தையில கெளம்பியிருப்பீங்க. அது எடுக்காத அன்னைக்குத்தான் 'இந்திராணி, இங்க வா'ன்னு கூப்பிடுறீங்க. எடுக்குற அன்னைக்கு நான் எங்க இருக்கேன்னுகூடத் திரும்பிப் பாக்குறதில்ல." காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "நான் எதையும் ஒளிச்சு வைக்கலங்க. ஒங்க செருப்பு ஒங்க கால்கிட்டதான் கெடந்துச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த ரெண்டு மாசம்," என்றாள், "ஒங்களுக்கு வயித்து வலி. நான் சந்தோஷமா இருந்தேன். சொல்லக் கூடாது, ஆனா இருந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஹார்ன் அடிச்சுக்கிட்டு எறங்குவேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல அப்படி நான் மட்டுமா எங்கயும் போனதில்ல."

வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"முருகன எதுக்குக் கொண்டாந்து வச்சீங்கன்னும் எனக்குத் தெரியும்."

வழித்துணைக்கு வாங்கினேன் என்று டைரியில் எழுதியது பொய்.

பிப்ரவரி 13, வெள்ளி

அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நாலு நாள் வண்டிக்கு வரமாட்டேன் என்றாள். தனியாகப் போனேன். செருப்பைச் சீட்டுக்குப் பின்னால் போட்டேன். வீட்டில் எடுத்தது, டீக்கடையில் எடுத்தது, மண்டியில் எடுத்தது. எல்லாமே முதல் திருகில். மொக்கராசு, "என்ன மாமா, சரியாயிருச்சா!" என்றான்.

இதைத்தான் ஒரு மாதமாக வேண்டினேன். இடது பக்கம் காலியாக இருந்தது. ராக்கம்மாவின் வாழைத்தாரை நினைத்து வளைவுகளில் மெதுவாக விட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கோயிலில் வைத்துக் கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது என்று ஜெயக்கொடியை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னபடி பத்து மணிக்கு பைக்கில் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார். எனக்கு அந்த உதை பிடிக்கவில்லை. அடியில் குனிந்து துரு பார்த்தார். இந்திராணி வாசற்படியில் நின்று, கையில் இருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தக் கேப்போம்" என்றார்.

வண்டி சுவரைப் பார்த்து நின்றது. ஏறினேன், திருகினேன். எடுக்கவில்லை. வெறுங்காலோடு இறங்கி, "நீங்களே ஒருவாட்டி பாருங்க" என்றேன். அவர் ஏறினார். டேஷ்போர்டில் முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருகினார். எடுக்கவில்லை.

"கிளட்ச மிதிங்க."

"மிதிச்சுத்தான்யா இருக்கேன்!"

ஆறு தடவை திருகினார். வேர்த்துவிட்டது. இறங்கி, "நேத்து வரைக்கும் மண்டிக்குப் போச்சுன்னு சொன்னீங்க. இத வச்சுக்கிட்டு எப்படித்தான்யா ஓட்டுறீங்க?" என்று கேட்டார்.

"நான் திருகுனா எடுக்காதுங்க. என் வீட்டுக்காரி ஓட்டுவா. அவதான் மண்டிக்குப் போறவ" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். மேல்தோட்டத்தில் நின்ற ராக்கம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

வாசற்படிக்குப் போய்ச் சாவியை நீட்டினேன். இந்திராணி வாங்கவில்லை. பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள்: "இன்னைக்கு மூணாவது நாளுங்க. சாமி இருக்கு."

"இருக்கட்டும். அவரு ரெண்டு பொண்டாட்டிக்காரரு. அவருக்குத் தெரியாததா?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சாவியை வாங்கி, போய் ஏறினாள். குனிந்தாள். ஒற்றைச் செருப்பு ஜன்னல் வழியாகப் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. முதல் திருகில் எடுத்தது.

பைக்கில் ஏறியிருந்த ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தார். அவளையும் என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல், "நீங்களே வச்சுக்கோங்கய்யா" என்று கிளம்பிப்போனார்.

மூட்டை ஏற்றி மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஹார்ன் அடித்தாள், தேவையில்லாத வளைவுக்கும்தான். மண்டியில் மொக்கராசு, "அக்கா, வாங்க வாங்க! எங்க இத்தன நாளா காணோம்?" என்று தராசை விட்டு ஓடிவந்தான். அவளுக்கு டீ சொல்லிவிட்டு, "மாமா, ஒங்களுக்கும் சொல்லவா?" என்றான். எரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். குடித்தேன்.

மரியசூசைக்குக் கொடுக்க எழுதிவைத்த தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நாளைக்குப் போய்க் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 15. வீட்டு முற்றம், மூஞ்சி கீழே, இளவெயில். எடுக்கவில்லை. காரணம், கிளட்சுக்குக் கீழே செருப்பு. வைத்தது நான்.